மகிழ்ச்சியான வெளியார் ஒருவர் தேவை

நிம்பாரா நிறுவனம் எந்த ஊரில் அலுவலகம் திறந்தாலும் மேசை நாற்காலிக்கு முன்னால் ஒரு தராசு வாங்கும். புதுச்சேரி துய்மா வீதியில் மஞ்சள் வண்ணமடித்த பழைய மாளிகை ஒன்றைப் பிடித்து, காகிதப்பூக் கொடியை மட்டும் விட்டுவைத்து மற்ற எல்லாவற்றையும் கண்ணாடியாக்கியபோதும், வாசல் கூடத்தில் முதலில் வந்து இறங்கியது ஆளுயரப் பித்தளைத் தராசுதான். ஒரு தட்டில் 'நமது கேம்கள்' என்றும் மறு தட்டில் 'நண்பர்களின் கேம்கள்' என்றும் பொறித்திருந்தார்கள். இரண்டு தட்டுகளும் ஒரு நூல் ஏறாமல், ஒரு நூல் இறங்காமல் நின்றன.

நிம்பாரா என்பது டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பெட்டி. அதில் ஓடும் கேம்களில் சிலவற்றை நிறுவனமே தயாரிக்கிறது. மற்றவற்றை, அது நண்பர்கள் என்று சொல்லும் வெளியாட்கள் தயாரித்து, நிறுவனத்தின் கடையில் வைத்து, விற்றதில் ஒரு பங்கை அதற்கே கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கடை நிறுவனத்தினுடையது. கடையின் முன்வரிசைச் சரக்கும் நிறுவனத்தினுடையது. எந்தச் சரக்கு முன்வரிசை, எது கடைசி வரிசை என்று முடிவு செய்கிறவரும் அங்கேயே சம்பளம் வாங்குகிறவர். இதில் யாருக்கும் நியாயத்தைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்றுதான் சமநிலைப் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்குத் தராசும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

முல்லா வீதி அதீப்புக்கு இந்தத் தராசின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. முதல் நாள் அங்கே போனபோது, காவலாளி இராமதாஸ் அவனை உட்காரச் சொன்ன நாற்காலி தராசுக்கு நேர் எதிரே கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்ததில், நடுமுள்ளின் அடியில் ஏதோ தடித்துத் தெரிந்தது. எழுந்து போய் விரலால் தடவிப் பார்த்தான். வெல்டிங் வைத்திருந்தார்கள்.

"கதவத் தொறந்தா காத்துல ஆடுது பாய்" என்றார் இராமதாஸ். "வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்கன்னு மேட்டுப்பாளையத்துலேருந்து ஆள கூட்டியாந்து பத்த வெச்சுட்டாங்க."

நியாயமான காரணமாகத்தான் அதீப்புக்குப் பட்டது. அவன் அப்படிப்பட்ட ஆள்.

அவனும் அவன் மனைவி நஸ்லினும் இரண்டு வருஷமாக வேறு வேலை பார்க்காமல் ஒரு கேம் செய்திருந்தார்கள். அவன் நிரல் எழுதினான், அவள் படம் வரைந்தாள். கேமின் பெயர் 'சஹன்'. கல்யாணத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சஹன் என்கிற ஒரே தாம்பாளத்தில் பிரியாணி சாப்பிடும் வழக்கம் அவர்கள் வீட்டில் இன்றும் உண்டு. கறி நடுவில் இருக்கும். முறை தெரிந்தவர்கள் யாரும் அதைத் தங்கள் பக்கம் இழுக்க மாட்டார்கள். பேச்சுவாக்கில், எதிரே இருப்பவர் பார்க்காதபோது, நல்ல துண்டாக எடுத்து அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர் பார்த்துவிட்டால் திருப்பித் தள்ளுவார். கேமும் அதுதான். நாலு பேர், நாலு கை, ஒரு தட்டு. மற்ற மூவரையும் அவர்களுக்குத் தெரியாமல் யார் அதிகம் சாப்பிட வைக்கிறாரோ அவர் ஜெயித்தவர். சொந்தக்காரர்கள் வீட்டில் போட்டுக் காட்டியபோது, இருபது வருஷமாகப் பேசாத இரண்டு மச்சான்கள் ஒருவர் பக்கம் ஒருவர் கறியைத் தள்ளுவதற்காகச் சண்டை போட்டார்கள். நஸ்லினுக்கு அன்றைக்கே இது ஓடும் என்று தெரிந்துவிட்டது.

இது போனில் விளையாடுகிற கேம் இல்லை. ஒரு டிவி வேண்டும், நாலு கன்ட்ரோலர் வேண்டும், ஒரே அறையில் நாலு பேர் வேண்டும். நாலு கன்ட்ரோலர் மாட்டுகிற பெட்டி நிம்பாராதான். துபாயிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் ஒரே கூடத்தில் இருப்பது பெருநாள் வாரத்தில்தான். ஆகவே பெருநாளுக்கு முன் சஹன் அந்தக் கடையில் வந்தாக வேண்டும். அதீப்புக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சமநிலைப் பிரிவின் தலைவர் கிருஷ்ணசாமி. பாரிசில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், குரலில் எப்போதும் வெண்ணெய் தடவியிருக்கும். அதீப்பைத் தோட்டத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"முசியே அதீப், சமநிலைன்னா என்னன்னு நான் சொல்லிடறேன். நம்ம கேமே எல்லாம் வித்துச்சுன்னா வெளியாளுங்க வேற பெட்டிக்குப் போயிடுவாங்க. வெளியாளுங்க கேமே எல்லாம் வித்துச்சுன்னா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம். அதனால வெளியாளு கேம் எவ்ளோ விக்கணும்னா, அவன் எங்கள வுட்டுப் போவாத அளவுக்கு விக்கணும். அவன் இல்லாம நாங்க இல்லன்னு ஆவற அளவுக்கு விக்கக் கூடாது. வுவாலா, அவ்ளோதான். இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கே, அதான் நட்பு."

அதீப் தலையாட்டினான். இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறாரே என்று அவனுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னான்.

நஸ்லின் வரைந்துகொண்டிருந்த எலும்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "ஏங்க, உயிரு போவாம கழுத்த பிடிக்கிறேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நீங்க காப்பி நல்லா இருந்துச்சுங்கறீங்க."

அடுத்தது பரிசோதனை. மேனகா என்ற அதிகாரி கேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதீப்பைக் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபமும் கிடையாது, அன்பும் கிடையாது. பேருந்து நிலைய ஒலிபெருக்கிபோல் பேசினாள்.

"நாலு கன்ட்ரோலர் ரொம்ப நல்ல விஷயம். கன்ட்ரோலர் எங்க சரக்கு. ஆனா நடுவுல ஆட்டுக்கறி இருக்கு."

"பிரியாணில இருக்குமே மேடம்."

"எங்க சின்னமே ஆடு. ஜிம்பு. உங்களுக்குத் தெரியும். ஜிம்புவ வேக வெச்சு தட்டுல போட்ட மாதிரி இருக்கு. எடுத்துடுங்க."

"அப்ப கோழி?"

"ஒரு பெரிய நண்பரோட கேம்ல கோழி பறக்குது. அவங்க மனசு கஷ்டப்படும்."

"முட்டை?"

"முட்டை அடுத்த வருஷம் நாங்களே கேம் செய்யற சொந்தப் பிரிவுல வருது. என்ன முட்டைன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

கடைசியில் கத்திரிக்காய்க்கு அனுமதி கிடைத்தது. சமநிலைப் பிரிவு ஆராய்ந்து பார்த்ததில், உலகத்தில் கத்திரிக்காயின் மேல் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அதீப் அதையும் ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நஸ்லின் உட்கார்ந்து கறியை அழித்துக் கத்திரிக்காய் வரைந்தாள். நாலு பேரைக் கூப்பிட்டு விளையாட வைத்தாள். அதே மச்சான்கள்தான். இந்த முறையும் தள்ளினார்கள். ஆனால் கத்திரிக்காயைத் தள்ளினார்கள். தனக்கு வேண்டாததை அடுத்தவன் தலையில் கட்டுகிற வேகம் அவர்கள் கட்டைவிரலில் தெரிந்தது. அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"கறிய அடுத்தவன் பக்கம் தள்ளுனா அது பாசங்க" என்றாள் நஸ்லின். "கத்திரிக்காய தள்ளுனா அது பேரு என்ன. நாம ரெண்டு வருஷமா செஞ்ச கேம அந்தப் பொம்பள ஒரே காய வெச்சுத் தலைகீழாக்கிட்டா."

"முதல்ல கடைக்குள்ள போயிடுவோம். அப்புறம் ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்."

"எப்படியாவது ஒரு துண்டுக் கறியயாவது காப்பாத்துங்க. கத்திரிக்காய என் பேர்ல வெளிய வுடாதீங்க."

அதைக் காப்பாற்றத்தான் அவன் திரும்பவும் துய்மா வீதிக்குப் போனான். கிருஷ்ணசாமி மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதற்கு என்றே ஒரு தனி முகம் வைத்திருந்தார். "பாவம், உங்க கேமோட ஆத்மா என்னன்னு மேனகாவுக்குப் புரியல. எங்க சொந்தப் பிரிவுத் தலைவர ஒரு தடவ விளையாடச் சொல்றேன். அவரு கலைஞர்" என்றார்.

சொந்தப் பிரிவுத் தலைவர் அரிகிருஷ்ணன் தன்னோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய கேமை, கறியோடு இருந்ததை, அதீப் போட்டுக் கொடுத்தான். தொடங்கின நிமிஷமே அரிகிருஷ்ணன் நடுக்கறி முழுவதையும் தன் பக்கம் இழுத்துத் தின்று தீர்த்தார். அவர் தோற்றுவிட்டதாகத் திரையில் வந்தது.

"ஏதோ பிழை இருக்கு" என்றார் அவர். "நான்தானே அதிகம் தின்னேன். நான் எப்படித் தோத்தேன்."

அதீப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். மத்தியானம் பூராவும் சொல்லிக்கொடுத்தான். கை எப்படி அசைகிறது, துண்டு எப்படி வழுக்குகிறது, அடுத்தவன் பார்ப்பதைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை எல்லாம் திரையில் பிரித்துக் காட்டினான். அரிகிருஷ்ணனுடன் வந்தவர்கள் சிரத்தையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கலைஞர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதீப் நினைத்தான். கிளம்பும்போது அரிகிருஷ்ணன் அவன் கையைப் பிடித்து, "எல்லாம் புரிஞ்சுது. அந்த ஜெயிக்கிற இடம் மட்டும் இன்னும் சரியில்ல" என்றார்.

பிறகு ஒரு மாசம் தகவல் இல்லை. அதன்பின் நண்பர்கள் தின விழாவுக்கு அழைப்பு வந்தது.

காலாப்பட்டு தாண்டிக் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் விழா. நாடெங்கிலும் இருந்து வெளியாட்கள் வந்திருந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். யாருக்குப் போர்த்தினார்களோ அவர்களுடைய கேம்கள் கடையின் எந்த மூலையில் இருக்கின்றன என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது என்பதால், கேமின் பெயரை மேடையில் உரக்க வாசித்தார்கள். அது ஒன்றுதான் அந்த வருஷம் அவற்றுக்குக் கிடைத்த விளம்பரம். அதீப்பின் பக்கத்தில் இனியவன் என்பவர் உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் கிரிக்கெட் கேம் விடுகிற பெரிய கம்பெனியின் ஆள். அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

"எங்களுக்குப் போத்த மாட்டாங்க தம்பி" என்றார் இனியவன், கூச்சமே இல்லாமல். "நாங்க போனா பெட்டி விக்காது, அதனால எங்கள பாத்தா பயம். எங்க கேம் வர்ற மாசம் இவங்க சொந்தக் கேம் எதுவும் வராது. உங்க மேல பயமில்ல, அன்பு. அன்பு வெச்சுட்டாங்கன்னா பொழைக்கிறது கஷ்டம்."

மேடையில் கிருஷ்ணசாமி பேசத் தொடங்கியிருந்தார். "நண்பர்களே, சில பேரு எங்ககிட்ட கேக்கறாங்க, நீங்களே கடைக்காரன், நீங்களே போட்டிக்காரன், இது எப்படின்னு. நான் திருப்பிக் கேக்கறேன். வீட்டுக்காரன் வாடகைக்காரனோட அதே கெணத்துல தண்ணி எடுக்கறதில்லயா? முதல்ல எடுப்பான், அது வேற. நாங்க ஒருநாளும் நண்பர்கள் கேம பாத்து எதையும் எடுத்ததில்ல. நண்பர்கள்கிட்ட இருந்து வர்ற ஊக்கத்தத்தான் எடுக்கறோம். அந்த ஊக்கத்தால இந்தப் பெருநாளுக்கு எங்க சொந்தப் பிரிவு தர்ற பரிச இப்ப பாருங்க."

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு தாம்பாளம் வந்தது. சுற்றி நாலு கைகள். நடுவில் ஆவி பறக்கும் ஆட்டுத்தொடை. நாலு கைகளும் பாய்ந்து பிடுங்கின, ஒன்றை ஒன்று அறைந்தன, ஒரு கை முழுத்தொடையையும் இழுத்துக்கொண்டு ஓடியது. 'அதிகம் தின்றவர் அரசர்' என்று எழுத்து மின்னியது. கேமின் பெயர் 'தாலம்'. பெட்டி வாங்கினால் இலவசம். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

நஸ்லின் வரைந்த மணிக்கட்டின் மச்சம்கூட அந்தக் கையில் இருந்தது. அதீப் எழுந்து மேனகாவிடம் போனான்.

"மேடம், ஆட்டுக்கறி கூடாதுன்னீங்களே."

"வெளியாளுங்களுக்குக் கூடாது" என்றாள் மேனகா, அதே குரலில். "ஜிம்பு எங்க வீட்டு ஆடு. நாங்க வெட்டலாம்."

அதன் பிறகுதான் வேடிக்கையே தொடங்கியது. அதுவரை அதீப்பின் போனை எடுக்காத கிருஷ்ணசாமி, இப்போது தினமும் அவனைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. சொந்தக் கேம் ஒன்று வெளிவர வேண்டுமென்றால், அதே மாதிரி கேம் வைத்திருக்கிற வெளியார் ஒருவர் இதனால் மகிழ்ச்சி அடைந்தார் என்று அவரே உறுதி சொல்ல வேண்டும். தராசின் மறு தட்டில் யாராவது இருந்தே ஆக வேண்டும் அல்லவா. தட்டில் வைக்க அதீப்பை விட்டால் ஆளில்லை.

"தொட்டா போதும் முசியே. எங்க தொடுதிரைப் பலகையில ஒரு பட்டன் இருக்கு, 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்'னு. வெரல வெச்சீங்கன்னா தாலம் பெருநாளுக்கு வந்துடும், உங்க கத்திரிக்கா கேம் பெருநாளுக்கு மறுமாசம் வந்துடும். 'தாலத்தின் சிறிய தோழன்'னு போட்டு வுடறோம். கௌரவம்."

"தொடலைன்னா?"

"நீங்க மகிழ்ச்சியா இல்லன்னு அர்த்தமாயிடும். மகிழ்ச்சி இல்லாதவங்கள நாங்க கடையில வெக்கிறதில்ல. மத்தவங்களுக்கும் பரவிடும்."

அதீப் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். கடைக்குள் போக வேண்டும் என்ற பழைய ஆசை அவனை இன்னும் விடவில்லை. இரண்டு வருஷத்தை அப்படியே தூக்கிப் போட யாருக்குத்தான் மனசு வரும். அந்தச் சமயத்தில் அவன் தங்கை மரீஹாவின் கல்யாணம் வந்தது. நோன்பு பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே வைத்திருந்தார்கள். மரியாதைக்காகத் துய்மா வீதி அலுவலகத்துக்கும் ஒரு பத்திரிகை கொடுத்திருந்தான், இராமதாசுக்குத் தனியாக ஒன்று. மரியாதைக்குக் கொடுத்த பத்திரிகையைக் கிருஷ்ணசாமி வேலையாக எடுத்துக்கொண்டார். கக்கத்தில் அந்தத் தொடுதிரைப் பலகையோடு வந்து இறங்கினார், கூடவே அரிகிருஷ்ணன். வேட்டி கட்டிக்கொண்டு இராமதாஸ் லாஸ்பேட்டையிலிருந்து தன் ஸ்கூட்டரில் வந்திருந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளை விரிப்பில் வரிசையாகச் சஹன்கள் வைத்திருந்தார்கள். நாலு நாலு பேராக யார் முன்னால் வந்தார்களோ அவர்கள் உட்கார்ந்தார்கள். அதீப், இராமதாஸ், கிருஷ்ணசாமி, அரிகிருஷ்ணன் என்று ஒரு தட்டு நிறைந்தது. பரிமாறிக்கொண்டிருந்த சின்னம்மா மகன் அய்மான், விருந்தாளிகள் என்று இவர்கள் தட்டின் நடுவில் கறியைக் கொஞ்சம் கூடவே வைத்தான். ஓரத்தில் கத்திரிக்காய், பருப்புக் குழம்பான தால்சா.

விருந்தாளி ஆயிற்றே என்று அதீப் ஒரு நல்ல துண்டைக் கிருஷ்ணசாமி பக்கம் தள்ளினான். அவர் தின்றார். இராமதாஸ் பழக்கமில்லாதவர்தான், ஆனால் அதீப் செய்ததைப் பார்த்து அவரும் ஒரு துண்டை அரிகிருஷ்ணன் பக்கம் தள்ளினார். அவர் தின்றார். தள்ளத் தள்ளத் தின்றார்கள். தள்ளுவதற்குள் தாங்களே எட்டி எடுத்தும் தின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு துண்டுகூடத் திரும்பி வரவில்லை. நடுவே கிருஷ்ணசாமி தன் பக்கம் கிடந்த கத்திரிக்காயை இரண்டு விரலால் ஒதுக்கி ஒதுக்கி இராமதாசின் முன்னால் தள்ளினார். இராமதாஸ் குனிந்தபடி வெறுஞ்சோற்றோடு அதைப் பிசைந்து சாப்பிட்டார்.

"எங்க கேம்லயும் இதேதான்" என்றார் அரிகிருஷ்ணன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "நான்தான் இப்ப அரசர்."

கிருஷ்ணசாமி ஏப்பம் விட்டார். "என்ன ஒரு சமநிலை. ஒரே தட்டு, எல்லாரும் சமம். முசியே அதீப், இந்த நல்ல நேரத்துல அத முடிச்சுடுவோம்." இடது கையால் பலகையை எடுத்துத் தட்டின் மேலாக நீட்டினார். பச்சைப் பொத்தானில் 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று ஒளிர்ந்தது.

அதீப் அவருடைய உதட்டில் ஒட்டியிருந்த நெய்யைப் பார்த்தான். இராமதாசின் முன்னால் சேர்ந்திருந்த கத்திரிக்காயைப் பார்த்தான். இத்தனை மாசமாகக் காப்பிக்கும் பொன்னாடைக்கும் தலையாட்டிய தன்மேல்தான் அவனுக்கு எல்லாரையும் விட அருவருப்பு வந்தது.

"கை எச்சில் சார்" என்றான்.

"பரவால்ல, தொடச்சுக்கலாம். வெரலு பட்டா போதும்."

அதீப் விரலை வைத்தான். பொத்தானில் வைக்கவில்லை, பலகையின் விளிம்பில் வைத்தான். கறித்துண்டைத் தள்ளுவதுபோலவே, மெதுவாக, சோற்றின் மேல் வழுக்கவிட்டுக் கிருஷ்ணசாமியின் பக்கம் தள்ளிவிட்டான். பலகை தால்சாவில் பாதி முங்கி அவர் முன்னால் போய் நின்றது.

"உங்களுக்கே இருக்கட்டும்" என்றான். "நீங்கதான் சார் மகிழ்ச்சியா இருக்கீங்க."

அந்த நிமிஷத்தோடு சஹன் நிம்பாராவின் கடைக்குள் எந்தக் காலத்திலும் போகாது என்று அவனுக்குத் தெரிந்தது. பெருநாளும் போயிற்று, இரண்டு வருஷமும் போயிற்று. பெண்கள் பக்கத்துக் கூடத்தில் இருக்கிற நஸ்லினிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. கத்திரிக்காயை வெளியே விடாதே என்று அவள் கேட்டதைத்தான் செய்திருக்கிறான்.

கிருஷ்ணசாமிக்கு முதல்முறையாக வருத்தப்படுகிற முகம் தானாகவே வந்தது. "அப்ப எதிர்த்தட்டுல நான் யார வெக்கிறது" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"அது வெல்டு வெச்சதுதானே முசியே. யாரும் இல்லன்னாலும் அப்படியேதான் நிக்கும்."

அய்மான் இரண்டாம் சுற்றுக் கறியோடு வந்து நடுவில் ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போனான். கிருஷ்ணசாமி இடது கையால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார், வலது கை அதுபாட்டுக்கு நடுக்கறியை நோக்கி வந்தது. அதற்கு முன்னால் அதீப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து இராமதாசின் பக்கம் வைத்தான்.

இராமதாஸ் தன் தலைவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைச் சாப்பிட்டார்.